பேர் தெரியாத பழம்

மைசூரில் வாழைப்பழம் நுழையாத வீடு ஒன்று உண்டென்றால் அது கனகாவின் வீடாகத்தான் இருக்கும். ஜே.பி. நகரின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒட்டவைத்த மாதிரி இரண்டு அறை. அந்த வீட்டுக்குள் ஆரஞ்சு வரும், கொய்யா வரும், பப்பாளி வரும். சாமி படத்துக்கு முன்னால் மாதுளை உட்கார்ந்திருக்கும். கௌரி பண்டிகைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மஞ்சள் குங்குமம் கொடுக்கக் கூப்பிட்டால் வெற்றிலை பாக்கோடு இரண்டு வாழைப்பழமும் மடியில் விழும். கனகா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, வாசல் தாண்டுவதற்குள் அதை அடுத்தவள் மடிக்கு மாற்றிவிடுவாள். "நம்மூட்டுல ஆகாதுங்கக்கா" என்று ஒரே வார்த்தை. இந்தச் சின்ன வயசில் சர்க்கரை வியாதியா என்று அந்தத் தெருவே அவளுக்காக உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது.

வியாதி ஒன்றுமில்லை. வேண்டுதல்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட தமிழ்ப்ரியாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எடை ஒரு கிலோதான் இருக்கும். டாக்டர்கள் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. கனகா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி மாதேசுவரன் மலை எந்தத் திக்கில் இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டாள். அவன் கை காட்டிய பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். 'மாதப்பா, இந்த உசுர என் கையில குடுத்துரு. இவ எடைக்கு எடை வாழைப்பழம் தூக்கிக் குடுக்கறேன். அது வரைக்கும் வாழைப்பழம்னு ஒண்ணு எனக்கும் வேண்டாம், இவளுக்கும் வேண்டாம்.'

மாதப்பன் கொடுத்துவிட்டான். கனகாதான் இன்னும் கொடுக்கவில்லை.

துலாபாரத் தட்டில் குழந்தையைத் தூக்கி வைப்பது தாய்மாமன் கை. அவள் சனத்தில் அப்படித்தான் வழக்கம். கனகாவுக்கு ஒரே அண்ணன், விஜய்குமார். ஹனூர்ப் பக்கம் ஏலக்கி வாழை போட்டிருக்கிறவன். அந்த அண்ணனோடுதான் அவளுக்குப் பேச்சில்லை.

பேச்சு நின்றதும் அதே ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையைப் பார்த்தான். மூக்கில் குழாய், காலில் ஊசி. தன் தலைச்சன் பிள்ளையை இப்படிக் குழாய்களுக்கு நடுவே பறிகொடுத்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்குத் தாங்கவில்லை. "அம்மிணி, இது நிக்கற உசுராத் தெரியல. வம்புக்கு ஊசி குத்தி நோவடிக்காதீங்க. ஊருக்குக் கொண்டுபோயிரலாம்" என்றான். பாவப்பட்டுச் சொன்னதுதான். ஆனால் பெற்று மூன்று நாள் ஆனவளிடம் சொல்லுகிற வார்த்தையா அது? கனகா தூக்குப்போசியை எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு மூடிய வாய்.

தமிழ்ப்ரியாவுக்கு விவரம் தெரிந்த நாள் முதலாக வாழைப்பழம் என்றால் 'சாமி பழம்'. தள்ளுவண்டியைக் கண்டால் அவளே விரலை உதட்டில் வைத்துக்கொள்வாள். "சாமி பழம், நாமு தொடக்கூடாது." தெருவில் கேட்பவர்களுக்கு அது செல்லமாக இருக்கும். சந்துருவுக்கு, அவள் அப்பனுக்கு, ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் முள் தைக்கும். ஆனால் அவன் லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். வழியில் மாடு படுத்திருந்தால் ஹார்ன் அடிக்காமல் சுற்றிப் போகிற ரகம். பெண்டாட்டி விஷயத்திலும் அதே ஓட்டம்தான்.

ஆஷாட மாசம். சாமுண்டி மலைக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஏறுகிற மாசம். கனகா வேலை செய்கிற ஊதுவத்திக் குடோனில் பெண்களுக்கு நிமிர நேரமில்லை. கத்தையாக வருகிற வத்தியைத் தராசில் போட்டு, எடை சரிபார்த்து, உறையில் நுழைத்து, வாய் ஒட்டி, பெட்டியில் அடுக்கவேண்டும். தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பொழுது போகும். ஒரு நாள் முழுக்க மல்லிகை, மறுநாள் முழுக்க சந்தனம். எதைத் தொட்டாலும் அந்த வாசனை கையோடு வரும். வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாலும் தமிழ்ப்ரியா சோற்றுருண்டையை வாயில் வாங்கிக்கொண்டே, "அம்மா, இன்னிக்கு மல்லி சோறு" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாரலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு குழந்தையைக் கூட்டிப்போக அங்கன்வாடிக்கு வந்தாள் கனகா. வைஷாலி டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். டீச்சருக்குக் கொள்ளேகால். பட்டு நெசவுக் குடும்பம். தமிழும் கன்னடமும் அவள் வாயில் ஒரே தறியில் ஓடும்.

"நில்லுங்க கனகா, நில்லுங்க. இவத்து, இன்னிக்கு, உங்க மக என்ன பண்ணா, கொத்தா, தெரியுமா?"

"என்ன டீச்சர்? யாரையாவது அடிச்சுப்போட்டாளா?"

"அய்ய, அடிக்கறதா? இவத்து நம்ம அங்கன்வாடில பழ ஹப்பா. பண்டிகை மாதிரிதான் பண்ணோம். அஞ்சு விதமா பழம். ஒவ்வொரு குழந்தைக்கும் துப்பட்டாவால கண்ணக் கட்டிருவோம். தொட்டுப் பாக்கோணும், மோந்து பாக்கோணும், அப்புறம் தின்னு பேரு சொல்லோணும். உங்க ப்ரியா இருக்காளே, ஆரஞ்சத் தோலத் தொட்டதுமே சொல்லிட்டா. கொய்யாவக் கடிச்சுட்டு, 'விதை பல்லுல சிக்கும் மிஸ்'ங்கறா. சப்போட்டா தடவிப் பாத்து உருளக்கெழங்குன்னா, அப்புறம் மோந்துட்டு 'இல்ல இல்ல சப்போட்டா'ன்னா. பப்பாளி வேணாம்னு மூக்க மூடிட்டா. நானும் மாரியம்மா ஆயாவும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

கனகாவும் சிரித்தாள். ஒரு கிலோப் பிள்ளை, இத்தனை பேச்சு. பெற்ற வயிறு குளிராமல் இருக்குமா?

"கடைசியா ஒரு துண்டு குடுத்தோம். மோந்தா. பேரு வரல. தின்னா. அப்பவும் வரல. வாய் மட்டும் மறுபடியும் தொறக்குது! 'இன்னொந்து பேக்கு மிஸ்'ங்கறா. இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. என்ன பழம் சொல்லும்மான்னா, 'பேரு கொத்தில்ல மிஸ், ஆனா நெம்ப நல்ல பழம்'ங்கறா. மத்த பசங்கல்லாம் பாளேஹண்ணு பாளேஹண்ணுன்னு கத்தறாங்க. வாழப்பழத்துக்குப் பேரு தெரியாத குழந்தைய நான் இப்பத்தான் பாக்கறேன் கனகா!"

கனகாவின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது. டீச்சரிடம் என்ன சொல்வது? அவளுக்கு என்ன தெரியும்? கண் திறந்திருந்தால் பிள்ளையே தொட்டிருக்க மாட்டாள். கட்டிவிட்டார்கள். நாக்குக்கு அறிமுகமில்லாத ருசி, அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

"அப்புறம் டீச்சர்? கட்ட அவுத்தப்புறம்?"

"அதான் விசித்திரம். தோலப் பாத்ததும் வாயப் பொத்திக்கிட்டா. அப்பலேர்ந்து ஒரு மாதிரி சப்புன்னு இருக்கா. ஏன், ஏதாச்சும் அலர்ஜியா?" டீச்சரின் முகமும் மாறியது.

"இல்லீங்க டீச்சர். ஒண்ணுமில்ல."

மழைத் தண்ணீர் தேங்கின பள்ளத்தில் செருப்பை நனைத்துக்கொண்டே வந்த தமிழ்ப்ரியா தெருமுனையில் திடீரென்று நின்றாள்.

"அம்மா, சாமி அடிக்குமா?"

கனகாவுக்கு அழுகை முட்டியது. நாலு வயதுக் குழந்தை கேட்கிற கேள்வியா? கேட்க வைத்தது யார்? அதை நினைக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். சாப்பிட்டது மத்தியானம், கொப்பளித்து என்ன பயன் என்று அவளுக்கும் தெரியும். மலையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த திருநீற்றைப் பிள்ளையின் நெற்றி, மார்பு, வயிறு என்று பூசினாள். "மாதப்பா, தெரியாம நடந்துபோச்சு. என்னைக் கேளு. பிள்ளையக் கேக்காத" என்று சொல்லிக்கொண்டே நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் சுடுகிற மாதிரி இருந்தது. தன் நெற்றியைத் தொட்டாள். அதுவும் சுட்டது. மறுபடி பிள்ளையைத் தொட்டாள். அடுப்பில் கொள்ளுச் சாறு பொங்கி வழிந்தது. ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்து மறுபடி தொட்டாள்.

"அம்மா, உன் கை சில்லுங்குது" என்று நெளிந்தாள் தமிழ்ப்ரியா.

சந்துரு பண்டிபாளையா மார்க்கெட்டில் கடைசி லோடை இறக்கிவிட்டு நனைந்து வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தவனுக்குத் தட்டில் களியை வைத்து, குழி பறித்துச் சாற்றை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

"நாலு வருசமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தனே! ஒரு நாளு, ஒரே நாளு, எவனோ வாழத்தாரத் தூக்கிக் கொண்டாந்து அங்கன்வாடில போட்டிருக்கறான். அவன் கை வெளங்குமா? அவன்..."

சந்துரு களியை விழுங்காமல் கையைக் காட்டினான்.

"சாபம் வுடாத கனகா. கொண்டுபோய்ப் போட்டது நாந்தான்."

கரண்டி பாத்திரத்தில் விழுந்தது.

"நீங்களா? உங்களுக்கு ஏது தாரு?"

"உங்கண்ணன் குடுத்து வுட்டாரு."

கனகா நின்றது நின்றபடியே இருந்தாள். முதல் வருஷம் விஜய்குமார் பஸ்ஸில் போட்டு அனுப்பிய தாரை அவள் அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிட்டாள். அதோடு அவன் நிறுத்திவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அவரு நிறுத்தலீ" என்றான் சந்துரு, தட்டைப் பார்த்துக்கொண்டே. "வருசா வருசம் மொதத் தாரு வெட்டறப்ப எனக்குப் போன் வரும். 'மாப்ள, பஸ்ஸுல போட்டிருக்கறேன், கொழந்தைக்கு'ன்னு மட்டும் சொல்லுவாரு. வேற பேச்சில்ல. ஊட்டுக்குள்ள கொண்டாந்தா நீ என்னைய ஊட்டுக்குள்ள வுடமாட்ட. ஆட்டோ ஸ்டாண்டுல குடுப்பேன், கோயில் மாட்டுக்குக் குடுப்பேன். இந்த வருசம் டீச்சரம்மா பழ ஹப்பா, பழம் இருந்தாக் குடுங்கன்னு எல்லாருத்தையும் கேட்டாங்க. நம்ம புள்ள தொடமாட்டா, அவளுக்குத்தான் சாமி பழம்னு தெரியுமேன்னு தைரியமாக் குடுத்துப்போட்டேன். கண்ணக் கட்டுவாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

"மூணு வருசமா என்கிட்ட மறைச்சுட்டீங்க."

"மறைச்சேன். சொல்லியிருந்தா?"

"போன எடுத்து அவனக் கேட்டிருப்பேன்! போயிருமின்னு சொன்ன புள்ளைக்கு இப்ப என்னத்துக்குடா பழம்னு கேட்டிருப்பேன்!"

"கேட்டிருக்கலாமே" என்றான் சந்துரு. அவன் குரல் உயரவில்லை. இன்றைக்கு மாட்டைச் சுற்றிப் போகவும் இல்லை. "கேட்டிருந்தீன்னாத் தேவலாம். சாமி எத்தன வருசம் காத்துக்கிட்டு இருக்கும் கனகா? காக்க வெச்சது ஆரு? பழத்தத் தொடக்கூடாதுன்னது மாதப்பனுக்காக. இப்ப அது மாதப்பனுக்காகவா இருக்குது?"

கனகா கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தாள். கதவுப்பக்கம் விளையாடிக்கொண்டிருந்த தமிழ்ப்ரியா இதற்குள் வந்து அப்பன் மடியில் ஏறிக்கொண்டாள். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, அந்தப் பழம் யாரு பழம்?"

"உங்க மாமன் பழம் கண்ணு."

"சாமி பழம் இல்லியா?"

சந்துரு பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

காலையில் கண் விழித்ததும் கனகாவின் கை பிள்ளையின் நெற்றிக்குத்தான் போனது. சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை, வாந்தி இல்லை. தமிழ்ப்ரியா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா, சாமிக்குக் கோவமில்ல. சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்குது."

என்றாலும் அன்றைக்கு அங்கன்வாடிக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணுக்கு முன்னாலேயே இருக்கட்டும் என்று குடோனுக்குக் கூட்டிப்போனாள். அன்று சந்தன வத்தி. பெண்கள் ஆளுக்கொரு உறையைக் குழந்தை கையில் கொடுத்து வாய் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினது பாதி, கிழித்தது பாதி. கனகா தராசில் கத்தையைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள். முள் நடுவுக்கு வரவே மாட்டேனென்றது. சந்துரு கேட்ட கேள்வி காதிலேயே உட்கார்ந்திருந்தது.

குடோன் மூலையில் பெட்டிகளை ஏற்றி எடை பார்க்கிற பெரிய மிஷின் உண்டு. லோடு ஏற்றுகிற கெம்பையன் அதன்மேல் பெட்டிகளை வைத்து இறக்கிக்கொண்டிருந்தான். அவன் ஒரு பெட்டியை இறக்கின சமயம் பார்த்துத் தமிழ்ப்ரியா அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள். கையில் ஒட்டாத உறை.

"ஏய், இளியம்மா கெளகே, எறங்கு!" என்று அதட்டப் போன கெம்பையன் மிஷினில் ஒளிர்ந்த சிகப்பு எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கனகம்மா, நோடி இல்லி, இங்க பாரு! உங்க பார்சல் பதினாறு கிலோ! எந்த ஊருக்கு ஏத்தணும்?"

பெண்கள் சிரித்தார்கள். கனகா நிமிர்ந்து பார்த்தாள்.

எடை போடுவதே பிழைப்பாக இருப்பவள். அந்த மிஷினைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறாள். ஆனால் பிள்ளையை அதன்மேல் நிறுத்திப் பார்க்க இதுவரை ஒரு நாளும் தோன்றவில்லை. அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு நாளும் எடை பார்த்துச் சொல்லுகிற கிராம் கணக்குக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். இருபது கிராம் ஏறினால் அன்றைக்குச் சோறு இறங்கும். இறங்கினால் தண்ணீர்கூட இறங்காது. அந்தப் பிள்ளை இப்போது பதினாறு கிலோவாக மிஷின்மேல் நின்று குதிக்கிறது. சாமி தன் கணக்கைக் கிராம் கிராமாகத் தீர்த்துவிட்டது. நான் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறேன்? சாமிக்கு நேர்ந்துகொண்டதை என் ஆத்திரத்துக்குக் காவலாக உட்கார வைத்திருக்கிறேன். அதற்கு இந்தப் பிஞ்சு பட்டினி கிடந்திருக்கிறது.

கனகா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கெம்பையனுக்குப் புரியவில்லை. "நான் தமாஷுக்குச் சொன்னேம்மா" என்றான் பாவம்.

"இல்லண்ணா. நீ சரியாத்தான் சொன்ன" என்றாள். போனை எடுத்துக்கொண்டு குடோன் வாசலுக்கு வந்தாள். நம்பர் மனப்பாடமாக இருந்தது. கோபித்துக்கொண்டவர்களின் நம்பர்தான் மறக்கவே மறக்காது.

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம். "ஆருங்க?"

"நாந்தான்."

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது.

"அம்மிணி?"

"பதினாறு கிலோ" என்றாள் கனகா.

"என்னது அம்மிணி?"

"உன்ற மருமவ. பதினாறு கிலோ இருக்கறா. ரெண்டு தாரு பத்துமா?"

விஜய்குமாருக்குப் புரிய நேரமாயிற்று. வேறெதுவும் பேசினால் குரல் உடைந்துவிடுமோ என்று வாழைக்கணக்கைப் பிடித்துக்கொண்டான். "ஏலக்கி தாரு சின்னதுதான அம்மிணி. மழையில இந்தத் தடவ காயும் தெரளல. காம்பு போக... மூணாச்சும் வேணும். நாலா வெட்டிக்கறேன். இப்ப வெட்டிப் போட்டாத்தான் மலைக்குப் போறதுக்குள்ள பழுக்கும். கிழக்கால வரப்புல ஒரு தாரு நிக்குது, அத..."

"அண்ணா."

"சொல்லு அம்மிணி."

"நீ அன்னைக்குச் சொன்னத நான் மறக்கலீ."

"நானும் மறக்கலீ" என்றான். குரல் இப்போது உடைந்தேவிட்டது. "என்ற புள்ள ஊசியில நொந்துதான் போச்சு. உன்னுதும் அப்புடி நோவுதேன்னு... அந்த வாய அறுத்துப் போட்டிருக்கோணும் அம்மிணி."

"தெரியும்ணா" என்றாள் கனகா. அந்த வராந்தாவிலேயே அவளுக்கு அது தெரியும். "வாய அறுத்துப்போட்டா அப்புறம் பழம் எப்புடித் திங்கறது? வெட்டு. நாளைக்கு வுட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வாரோம்."

குடோனுக்குள் திரும்பி வந்து தராசில் கத்தையைப் போட்டாள். முள் நடுவில் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டார்கள். நரசிபுரத்தில் காவிரி கலங்கல் தண்ணீராக ஓடியது. கொள்ளேகாலில் வண்டி மாறி, ஹனூரைத் தாண்டியதும் காடும் வளைவும். ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸில் யாராவது "உகே மாதப்பா" என்று சாமிக்கு வாழ்த்துக் குரல் கொடுக்க, தமிழ்ப்ரியா எல்லோருக்கும் பின்னால் தனியாக ஒரு "உகே" போட்டாள். கனகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே நினைத்துக்கொண்டு வந்தாள். நாலு வருஷம் கழித்து எதிரே நிற்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? போனில் பேசிவிடலாம். போனுக்கு முகம் கிடையாது.

கோயில் வாசலில் நாலு தாரோடு விஜய்குமார் நின்றிருந்தான். தாடி நரைத்திருந்தது. வெள்ளை வேட்டியில் வாழைக்கறை. கனகாவைப் பார்த்தான், உடனே கீழே பார்த்தான். அவளும் அப்படித்தான். "வாங்க மாப்ள" என்று சந்துருவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டான். நடுவில் நின்ற தமிழ்ப்ரியா தாரைத் தொடாமல் குனிந்து மோந்து பார்த்தாள்.

"மாமா, இது நீ போட்ட பழமா?"

"ஆமா சாமி."

"நெம்ப நல்ல பழம்" என்றாள் அவள், பெரிய மனுஷி போல.

துலாபாரத் தட்டுக்கு முன்னால் விஜய்குமார் கையைத் துடைத்துக்கொண்டு மருமகளைத் தூக்கினான். அன்றைக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி, முதல் தடவையாகத் தொடுகிறான். தூக்கினவன் இறக்கவில்லை. "மாமா, தட்டுல எப்ப வெப்ப?" என்று குழந்தை கேட்ட பிறகுதான் தட்டில் உட்கார வைத்தான். எதிர்த்தட்டில் ஒரு தார், இரண்டு தார், மூன்று தார். குழந்தை பக்கம் மெல்ல மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது. நாலாவது தாரிலிருந்து அண்ணன் ஒரு சீப்பை அறுத்துத் தங்கையிடம் நீட்டினான்.

கனகா அதைக் கையில் வாங்கினாள். எடை போட்டுப் பழகின கைக்கு மிஷின் தேவையில்லை. ஒரு கிலோ. பிறந்தபோது இவள் இவ்வளவுதான் இருந்தாள். முதன்முதலாக நர்ஸ் கையில் வைத்தது இவ்வளவுதான். "இவ்வளவுதாண்ணா இருந்தா" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். சீப்பைத் தட்டில் வைத்தாள். இரண்டு தட்டும் நேராக நின்றன. தமிழ்ப்ரியா கையைத் தட்டினாள்.

பிரசாதமாகத் திரும்பி வந்த சீப்போடு மதிலோரம் உட்கார்ந்தார்கள். இனி அது சாமி பழம் மட்டுமல்ல, எல்லோர் பழமும்தான். ஆனால் பெரியவர்கள் யாரும் முதலில் கை நீட்டவில்லை. சந்துரு இருமினான். விஜய்குமார் மலையைப் பார்த்தான். கனகா மடியிலிருந்த பழத்தைப் பார்த்தாள். இந்தச் சங்கடமெல்லாம் நாலு வயசுக்கு எங்கே தெரியும்?

"அம்மா, கண்ண மூடு. நம்ம அங்கன்வாடில மாதிரி" என்றாள் தமிழ்ப்ரியா. கனகா மூடினாள். பிஞ்சு விரல்கள் ஒரு துண்டை அவள் வாயில் வைத்து அழுத்தின. தித்திப்பும் லேசான புளிப்பும். நாலு வருஷமாக மறந்திருந்த ருசி தொண்டையில் இறங்கியது.

"என்ன பழம்? பேரு சொல்லு."

"வாழப்பழம்."

"கரெக்டு! இப்ப மாமா. மாமா, கண்ண மூடு. கள்ளாட்டம் ஆடக்கூடாது." அவள் ஒரு பழத்தை உரித்துப் பாதியாக ஒடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் தாயின் கையில் திணித்தாள். "எனக்குக் கையெல்லாம் ஒட்டுது. நீ ஊட்டு."

விஜய்குமார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூடியிருந்ததால் கனகாவால் அந்த முகத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது. நரைத்த தாடி, வெயிலில் கறுத்த நெற்றி. சோறு கொண்டுவந்த அண்ணன். சாப்பிடாமல் திருப்பி அனுப்பிய சோறு. சந்தன வாசனை இன்னும் போகாத விரல்களால் பழத்தை அவன் வாயில் வைத்தாள். வாசனையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது ஊட்டுவது யாரென்று. வாய் மென்றது. மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

"என்ன பழம் மாமா? பேரு சொல்லு."

அவனால் சொல்ல முடியவில்லை.

தமிழ்ப்ரியா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதோரம் வந்து, மாமனுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்ற கவலையோடு சொன்னாள்: "பாவம்மா. மாமாவுக்கும் பேரு தெரியல. இன்னொண்ணு குடு."

கனகா இன்னொன்றை உரித்தாள்.